சுடுவதா, புதைப்பதா? தோட்டப்புறக் குடும்பங்கள் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டியவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பந்தல்காரருக்குத் தகவல் போவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: எரிக்கிறோமா, புதைக்கிறோமா? பதில் சொல்ல வேண்டிய பிள்ளை அழுதுகொண்டிருக்கும். பெரியப்பா ஒன்று சொல்வார், தாய்மாமன் வேறொன்று சொல்வார். மறுநாள் மதியம் உடல் புறப்பட வேண்டுமென்றால், குழி வெட்டுகிறவருக்கோ மின்சுடலைக்கோ இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். அந்த நெருக்கடியில் எடுத்த முடிவால் 20 வருடம் கழித்தும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் உண்டு. ஆகையால் எல்லோரும் நல்லபடியாக இருக்கும்போதே இதை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

இந்துவாகப் பிறந்தவரை எரிக்கத்தான் வேண்டும், புதைப்பது நம் வழக்கமே இல்லை என்று அடித்துப் பேசுகிறவர் எந்தச் சாவு வீட்டிலும் ஒருவராவது இருப்பார். அவர் சொல்வது பாதிதான் சரி. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாடு வருகிற இடத்தில், உடலைச் சுடுகிறவர்கள், வெறுமனே இட்டுவிட்டுப் போகிறவர்கள், குழி தோண்டிப் படுக்க வைக்கிறவர்கள், தாழ்ந்த இடத்தில் அடைக்கிறவர்கள், தாழியால் கவிக்கிறவர்கள் என்று 5 விதத்தார் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் தோண்டியபோது கிடைத்த முதுமக்கள் தாழிகளும் புதைத்த தமிழர்களுடையவையே. வீரசைவர்கள் இன்றும் உட்கார்ந்த நிலையில் திருநீறும் வில்வமும் இட்டு அடக்கம் செய்கிறார்கள். துறவிகளுக்குச் சமாதிதான். பல் முளைக்காத குழந்தையை யாரும் எரிப்பதில்லை. பல குடும்பங்களில் கல்யாணம் ஆகாமல் போன பிள்ளைகளையும் மண்ணுக்கே கொடுப்பார்கள். வள்ளலார் இன்னும் ஒரு படி மேலே போய், இறந்தவர் யாராக இருந்தாலும் சுட வேண்டாம், அடக்கம் செய்யுங்கள் என்றே வற்புறுத்தினார். சன்மார்க்க வழியில் நிற்கும் குடும்பத்தைப் பார்த்து ‘இது என்ன முறை?’ என்று கேட்பது பெரிய தவறு.

எரிப்பவர்களின் நம்பிக்கையும் லேசானதல்ல. அந்தியேஷ்டி என்றால் கடைசி வேள்வி. வாழ்நாளெல்லாம் தீயில் மற்றவற்றை இட்டவர், முடிவில் தன் உடலையே இடுகிறார். ஐந்து பூதங்களால் ஆன உடம்பை அந்த ஐந்திடமே ஒப்படைத்துவிட்டால், விட்ட கூட்டைப் பார்த்து உயிர் ஏங்கி நிற்காது என்பது அவர்கள் எண்ணம். இதை உறுதியாக நம்பும் ஒரு பாட்டியைப் பிள்ளைகளின் வசதிக்காகப் புதைப்பது, வள்ளலாரைக் கும்பிட்ட தாத்தாவை எரிப்பதைப் போன்றதே.

வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று பல சீமையிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் லயம் என்ற ஒரே வரிசை வீட்டில் குடியிருந்தார்கள். ஒரு வீட்டில் கொள்ளி வைத்தார்கள், அடுத்த வீட்டில் மண் தள்ளினார்கள். நீர்மாலை, வாய்க்கரிசி, பேரப்பிள்ளைகள் பிடிக்கும் நெய்ப்பந்தம், குடம் உடைப்பது எல்லாம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்தன. அதனால் ‘எங்கள் குடும்ப வழக்கம் என்ன?’ என்று கேட்டால் பதில் கிடைக்கும். ‘இந்து முறை என்ன?’ என்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் கத்தோலிக்கருக்கு 1963 முதல் தகனத்துக்குத் தடையில்லை. ஆனால் அஸ்தியைக் கடலில் கரைக்கக் கூடாது, பங்கு போடக் கூடாது, வீட்டு அலமாரியில் வைக்கக் கூடாது, புனிதமான இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று 2016இல் வத்திக்கான் தெளிவாகச் சொல்லிவிட்டது; சிறு பகுதியை மட்டும் திருச்சபையின் அனுமதியோடு தனியே வைக்க 2023இல் இடம் கொடுத்தது. அப்பா இந்து, அம்மா கத்தோலிக்கர் என்ற வீடுகளில் மோதல் வருவது இந்த இடத்தில்தான். எரிப்பதற்கு இரு தரப்பும் சம்மதித்துவிடும். மறுநாள் கலசத்தை லுமுட் கடலுக்குக் கொண்டுபோவதா, தேவாலயத்து அஸ்தி மாடத்தில் வைப்பதா என்பதில் மனக்கசப்பு வந்துவிடும். இதையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். தமிழ் முஸ்லிம்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, தொழுகை முடித்து, மக்கா இருக்கும் கிப்லா பக்கம் முகம் திருப்பி, தாமதிக்காமல் அடக்கம் செய்வார்கள். குடும்பத்தில் ஒருவர் மதம் மாறியிருந்தால் அதை மற்றவர்கள் அவர் உயிரோடு இருக்கும்போதே அறிந்திருக்க வேண்டும். முஸ்லிமாகப் பதிவானவரின் அடக்கத்தைச் சமய இலாகா பொறுப்பேற்கும். பந்தலில் வைத்து அதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

ஆக, நம்மில் பெரும்பாலோருக்குச் சமயம் இரண்டு கதவையும் திறந்தே வைத்திருக்கிறது. தோட்டப்புற ஊரில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது அதன் பிறகு வரும் கேள்வி: அந்த மண் யாருடையது?

கிராண்ட் யார் பெயரில்?

பழைய தோட்டங்களில் இடுகாடு என்பது நிர்வாகம் வாய்மொழியாக விட்டுக்கொடுத்த ஒரு மூலை. ஆற்றோரமோ, ரப்பர் நட முடியாத மேட்டு நிலமோ. 3 தலைமுறை அங்கே படுத்திருந்தாலும், கிராண்ட் என்ற நில உரிமைப் பத்திரத்தில் அது தோட்டத்தின் ஒரு பகுதி. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டாடினார்கள். அந்தத் துண்டாடலில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்ததைப் பார்த்துத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். உயிரோடு இருந்தவர்களுக்கே அந்த நிலையென்றால், மண்ணுக்குள் இருந்தவர்களுக்கு யார் பேசுவது? இன்றும் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்படும்போது முதலில் நடப்பது இடுகாட்டுப் பாதையில் கேட் போடுவது. பிறகு பத்திரிகையில் ஒரு சின்ன அறிவிப்பு வரும்: உறவினர்கள் இந்தத் தேதிக்குள் வந்து கல்லறைகளை அடையாளம் காட்ட வேண்டும், உரிமை கோராத எச்சங்கள் மொத்தமாக இடம் மாற்றப்படும். அப்படி எடுத்த எலும்பைப் பெரும்பாலோர் பிறகு எரித்துத்தான் கரைக்கிறார்கள். ஆசையாகப் புதைத்த தாயை 30 வருடம் கழித்துத் தோண்டி எரிக்க வேண்டி வருவதைவிட வேதனை வேறில்லை.

அதனால் ‘இடுகாடு இருக்கிறது’ என்ற பேச்சோடு நிற்காதீர்கள். மாநில அரசு ஒரு நிலத்தை தேசிய நிலச் சட்டப்படி இந்து மயானத்துக்கென்று ஒதுக்கி கெஜெட் என்ற அரசிதழில் வெளியிட்டிருந்தால், அந்த மண்ணுக்குப் பாதுகாப்பு உண்டு. மயானக் குழுவிடம் கெஜெட் எண்ணைக் கேளுங்கள். இல்லை என்றால், லாட் எண்ணை வைத்து நில அலுவலகத்தில் தேடல் போட்டுப் பாருங்கள். கட்டணம் கொஞ்சம்தான். உரிமையாளர் இடத்தில் ஒரு கம்பெனியின் பெயர் வந்தால், அங்கே புதைக்க வேண்டாம் என்பது என் கருத்து. எத்தனை பாட்டன் அங்கே இருந்தாலும் சரி.

கெஜெட் ஆன மயானம், பிள்ளைகளில் ஒருவராவது ஊரிலேயே இருக்கிறார், இறந்தவரும் மண்ணைத்தான் விரும்பினார். இந்த மூன்றும் கூடினால் புதைப்பதே நல்லது. காரணத்தைத் தீபாவளிக்கு முந்தின வாரத்தில் போய்ப் பாருங்கள். புல்வெட்டும் இயந்திரம் ஒரு பக்கம் இரைய, பேரப்பிள்ளைகள் வாளியில் தண்ணீர் சுமந்து கல்லறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார்கள். தாத்தாவுக்குப் பிடித்த முறுக்கும் ஒரு குவளைக் கோப்பியும் வாழையிலையில் இருக்கும். கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பிள்ளைகள் ஊர் திரும்புவதற்கு அந்த ஆறடி மண்ணே ஒரு காரணம். தீ அதைத் தருவதில்லை.

குழி வெட்டும் கணக்கு

பெரியவர் ஒருவருக்கு நீளம் 7 முதல் 7½ அடி, அகலம் 3 அடி, ஆழம் 6 அடி. கிட்டத்தட்ட 135 கன அடி மண், 5 டன்னுக்கு மேல் எடை. சரளை கலந்த செம்மண்ணில் 4 ஆள் சேர்ந்தால் அரை நாள் வேலை. வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து 2 அடியாவது தள்ளிக் குவிக்க வேண்டும். விளிம்பிலேயே குவித்தால், ஆட்கள் சுற்றி நின்று பெட்டியை இறக்கும் நேரத்தில் கரை சரியும். பழைய ஈயச் சுரங்கத்து (லம்பத்து) மணலில் இது இன்னும் மோசம். அங்கே பலகை முட்டுக் கொடுக்காமல் யாரையும் குழிக்குள் இறக்கக் கூடாது.

முந்தின நாளே வெட்டி வைப்பதும் தவறு. மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை மழை தப்பாது. காலையில் போனால் குழி பாதி நிறைந்திருக்கும். புறப்படும் அன்று காலை வெட்டுங்கள், மேலே தார்ப்பாய் கட்டுங்கள், ஒரு சிறிய பம்பைப் பக்கத்தில் வையுங்கள். தெலுக் இந்தான், பாகான் டத்தோ பக்கத்துத் தாழ்நிலங்களில் சில அடி தோண்டும்போதே நீர் ஊறும். அங்கே 6 அடி என்று பிடிவாதம் பிடித்தால் பெட்டி மிதக்கும். ஆழத்தைக் குறைத்து, மேலே மண்ணை உயர்த்துவதுதான் வழி.

மூடிய பிறகு ஒன்றரை அடி மேடு விடுவது அழகுக்காக இல்லை. சில மாதத்தில் பெட்டியின் மூடி உள்வாங்கும், மண் இறங்கும். 16ஆம் நாளுக்குள் சிமெண்டுக் கல்லறை கட்டி டைல்ஸ் ஒட்டிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறவர்களின் கல்லறைதான் அடுத்த தீபாவளிக்குக் குறுக்கே பிளந்து கிடக்கும். ஒரு வருடம் பொறுங்கள். அதுவரை செங்கல் வரம்பு போதும். கட்டும்போதும் நடுவில் மண்ணைத் திறந்தே விட்டால் மழைநீர் இறங்கும், செடியும் வைக்கலாம். பெயரைப் பெயிண்டில் எழுதினால் வெயிலில் 3 வருடம் தாங்காது. பொறித்த கல்லாக இருக்கட்டும்.

தீயின் கணக்கு

திறந்தவெளிச் சிதைக்கு 400, 500 கிலோ காய்ந்த விறகு வேண்டும். ரப்பர் தோட்டம் இருந்த காலத்தில் மறுநடவுக்குச் சாய்த்த மரம் ஆண்டு முழுக்கக் கிடைத்தது. இப்போது சுற்றிலும் செம்பனை. செம்பனைத் தண்டில் பெரும்பங்கு தண்ணீர்தான். அது புகையுமே தவிர எரியாது. ரப்பர் கட்டை கிடைத்தாலும் பச்சையாகக் கொண்டுவந்து அடுக்கினால் அதே கதை. பிளந்து, கூரையின் கீழ் மாதக்கணக்கில் காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும்.

அடுக்குவதில் ஒரு கலை இருக்கிறது, அது தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கீழே கனமான கட்டைகள் குறுக்கே, கை நுழையும் இடைவெளி விட்டு. அந்த வழியாகத்தான் காற்று ஏறும். பக்கத்துக்கு 2 இரும்புக் கழி ஊன்றினால் எரியும்போது அடுக்கு சரியாது. தலை தெற்கே. மார்பும் இடுப்பும்தான் கடைசியாக எரியும் பாகம் என்பதால் தடித்த கட்டைகளை அங்கே வைத்து, கால்பக்கம் மெல்லியதாக விட வேண்டும். வரட்டியும் தேங்காய் மட்டையும் இடுக்குகளில். நெய், கற்பூரம், சாம்பிராணி. சூட்டில் தசைநார் சுருங்கும்போது கையோ உடலோ கொஞ்சம் எழும்பும். மேல் கட்டை கனமாக இருந்தால் அது வெளியே தெரியாது. தெரியாமல் நிற்கும் பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், பயந்துபோவார்கள்.

பெட்ரோல் ஊற்றவே கூடாது. அதன் ஆவி சிதையைச் சுற்றிப் பரவி நிற்கும். கொள்ளி வைக்கக் குனியும் மகனின் முகத்தில்தான் முதல் தீ அடிக்கும். மண்ணெண்ணெயை விறகில் முன்பே ஊறவிட்டால் போதும். கார் டயர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கரும்புகையை விடுங்கள், மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கும்போது சாம்பலுக்குள் கம்பிச் சுருள் கையைக் கிழிக்கும். அம்மாவின் அஸ்தியில் டயர் கம்பி கலந்திருக்க வேண்டுமா?

வேகமான எரிதல் 2, 3 மணி நேரம். கங்காகி அடங்க இரவாகிவிடும். அதுவரை ஓர் ஆள் கழியோடு நின்று சரியும் கட்டைகளைத் தள்ளிவிட வேண்டும். குடத்தை உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் எல்லோரும் வந்துவிட்டால், மழை பெய்த இரவில் சிதை பாதியில் அணைந்து கிடக்கும். காய்ந்த விறகும் அனுபவமுள்ள ஆளும் இல்லையென்றால் சிதையை விட்டுவிட்டு மின்சுடலைக்குப் போங்கள். தீயின் புனிதம் எந்தப் பொறியாலும் குறைவதில்லை.

மின்சுடலை என்கிறோமே தவிர, பலவும் எரிவாயுவிலோ டீசலிலோ ஓடுபவை. உள்ளே 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் சூடு. பெரியவருக்கு ஒன்றரை முதல் 2 மணி நேரம். கட்டணம் சில நூறு வெள்ளிக்குள் அடங்கும். கல்லறைச் செலவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. நேரம் பதிவு செய்யும்போதே இறந்தவர் மிகப் பருமனானவர் என்றால் சொல்லிவிட வேண்டும். கொழுப்பு அதிகமானால் சூடு கட்டுமீறும் என்பதால், உலை குளிர்ந்திருக்கும் முதல் நேரத்தை ஒதுக்குவார்கள். பேஸ்மேக்கர் என்னும் இதயத் துடிப்புக் கருவி இருந்தால் கட்டாயம் எடுக்க வேண்டும், உள்ளே வெடிக்கும். முழுத் தேங்காய், செண்டு பாட்டில், கைத்தொலைபேசி எதையும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. பெட்டியின் இரும்புக் கைப்பிடி, கண்ணாடி, பிளாஸ்டிக் அலங்காரம் எல்லாம் கழற்றப்படும். அதனால் எரிப்பதென்றால் விலையுயர்ந்த பெட்டி வீண் செலவு. தோடு, மூக்குத்தியைப் பந்தலிலேயே கழற்றி, யாரிடம் கொடுத்தோம் என்று 2 பேர் முன்னால் சொல்லுங்கள்.

மின்சுடலையில் ஒரு குறை உண்டு. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு முக்கால் மணி, ஒரு மணி நேர ஓட்டம். பக்கத்து வீட்டுப் பாட்டிகள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். தோட்டத்து மயானத்துக்கு ஊரே நடந்து வரும். அந்தக் குறையை ஈடுகட்ட, வீட்டில் வைத்துச் செய்யும் சடங்குக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். சிவபுராணம் முழுக்கப் பாடட்டும். பிள்ளைகள் பெண்களாகவே இருந்தால் அவர்களே கொள்ளி வைக்கட்டும். தகப்பனுக்குச் சோறு ஊட்டிய கை அது.

எரிக்கத் தயங்க வேண்டிய நேரம்

சாலை விபத்து, வேலையிடத்து விபத்து, காவலில் மரணம், குடும்பத்துக்கே சந்தேகம் தரும் சாவு. இவற்றில் சவப் பரிசோதனை முடிந்து, அதன் முடிவில் குடும்பத்துக்குத் திருப்தி வரும்வரை எரிக்காதீர்கள். ஷா ஆலமில் ஊழல் தடுப்பு ஆணையத்தின் விசாரணைக்குப் போய் 2009 ஜூலையில் இறந்த தியோ பெங் ஹாக்கின் உடலை அதே ஆண்டு நவம்பரில் தோண்டியெடுத்து இரண்டாவது முறை பரிசோதிக்க முடிந்தது, புதைத்திருந்த காரணத்தால்தான். சாம்பலிடம் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது. வீட்டிலேயே இறந்தவராக இருந்தால் குளிப்பாட்டும் முன் போலீஸ் நிலையத்தில் தகவல் சொல்லிவிடுங்கள். புதைப்பதோ எரிப்பதோ, அடக்க பெர்மிட் இல்லாமல் மயானத்தில் வாங்க மாட்டார்கள். இறந்தவரின் ஐ.சி. (அடையாள அட்டை), தகவல் சொல்பவரின் ஐ.சி. இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

விருப்பத்தை உயிலில் மட்டும் எழுதி வைப்பதில் பயனில்லை. உயிலைத் திறக்கும்போது பெரும்பாலும் கருமகிரியையே முடிந்திருக்கும். ஒரு தாளில் 2 வரி எழுதிக் கையெழுத்திட்டு, ஐ.சி. வைக்கும் இடத்திலேயே வையுங்கள். மூத்த பிள்ளையிடமும், பிள்ளைகளோடு சண்டை இல்லாத ஒருவரிடமும் வாயால் சொல்லுங்கள்.

அஸ்தி

மின்சுடலையில் மறுநாள் தட்டில் வருவது 2, 3 கிலோ. பாலும் பன்னீரும் தெளித்து, கால்பக்கம் தொடங்கித் தலை வரை பொறுக்கி மண்கலயத்தில் இடுவார்கள். கடலில் கரைப்பதென்றால் நீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள், ஏறும் நேரத்தில் கரைத்தால் எல்லாம் கரைக்கே திரும்பும். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். சுடாத மண்கலயம் கரைந்துவிடும். சிவப்புத் துணி, பிளாஸ்டிக் பை, வளையல் எதையும் கூடவே எறிய வேண்டாம். காசிக்கோ ராமேசுவரத்துக்கோ கொண்டுபோகிறவர்கள் மரணச் சான்றிதழும் தகனச் சான்றும் வைத்திருக்க வேண்டும். பித்தளைச் செம்பில் வைத்தால் விமான நிலையத்தில் ஊடுகதிர் உள்ளே புகாது, திறக்கச் சொல்வார்கள். மரப்பெட்டியே நல்லது.

அப்பா நெருப்பைக் கேட்டார், அம்மாவுக்கோ போய் உட்கார ஓர் இடம் வேண்டும் என்ற வீடுகளுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. அஸ்தியில் பெரும்பங்கைக் கரைத்துவிட்டு, ஒரு பிடி எலும்பை மூடியுள்ள மண்கலயத்தில் இட்டு, கெஜெட் ஆன மயானத்தில் குழுவின் அனுமதியோடு 2 அடி ஆழத்தில் புதைப்பது. 2 அடி சதுர நிலம் போதும். ஏற்கெனவே உள்ள பெற்றோர் கல்லறையின் மேலேயே இடம் கொடுத்தால் புதிய குழிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கத்தோலிக்க வீட்டில் பங்கு பிரிக்காமல் முழுவதையும் வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு. கலயத்தின் மேல் ஒரு செங்கல்லைப் படுக்க வைத்து மண்ணை மூடுங்கள். பின்னாளில் செடி நட யாராவது மண்வெட்டி போட்டால், செங்கல்லில் தட்டும் சத்தம் கேட்டு நிறுத்துவார்கள்.